முந்தி ஏற்றிய விளக்கு

அடி அண்ணாமலை,
கார்த்திகை மாதக் கடைசி, 1983.

அன்பு மகன் சகாதேவனுக்கு உன் அம்மா சரசு எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உன் மனைவி ஆதிலட்சுமியும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைத்தான் நலம் என்று எழுதுவது வழக்கம். அங்கே பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இரும்பாலையின் உலைச்சூட்டில் நின்ற உடம்போடு பனியில் அலையாமல் இருக்கிறாயா என்று ஒளிக்காமல் எழுது. கடிதத்தின் தலையில் அண்ணாமலையார் துணை என்று போடாததைப் பார்த்து அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைக்காதே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் நைனாகூட, இன்னாடி தலைப்பே போடாம எழுதறே என்று கேட்டார், போட வேண்டிய இடத்தில் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். உறையைச் சோற்றுப் பசை வைத்து இரண்டு பக்கமும் ஒட்டப் போகிறேன். தபால்காரர் அர்ஜுனன் நல்ல மனுஷன்தான், ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் நல்ல மனுஷனுக்கும் காது நீளும். உறை பிரிந்து வந்திருந்தால் அதையும் எழுது.

இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஏரி நிரம்பி நிற்கிறது, கழனியில் நெல் கதிர் வாங்கியிருக்கிறது, இந்த ஈரத்துக்குப் பூச்சி விழுமோ என்று எனக்குப் பயம், உன் நைனா ஒன்றும் ஆகாது என்கிறார், அவர் ஒன்றும் ஆகாது என்றாலே நான் போய்க் கதிரைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவேன். செவலைப் பசு தீபம் முடிந்து சில நாளில் கிடாரிக் கன்று போட்டது, கன்று நல்லபடியாக எழுந்து நின்று பால் குடிக்கிறது, இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நைனாவுக்கு முட்டிவலி கம்மியாகியிருக்கிறது, இருந்தாலும் ஆசிரமத்துப் பக்கம் டீக்கடைக்குப் பால் கொண்டுபோகும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார். சந்தையில் புதிதாக ஒருத்தன் நல்லெண்ணெய் விற்கிறான், விலை கம்மி என்றான், அதனாலேயே நான் வாங்கவில்லை. சரசு ஒரு சந்தேகப் பிராணி என்று ஊரே சிரிக்கிறது, சிரிக்கட்டும். சோற்றில் கல் இருப்பது சந்தேகப்பட்டவளுக்கு முறத்திலேயே தெரியும், மற்றவர்களுக்குப் பல் போன பிறகு தெரியும்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ஆதியை இப்போது அனுப்ப வேண்டாம், போன தீபத்தன்று மலையில் தீபம் ஏறுவதற்கு முன்பே அவள் வீட்டில் விளக்கேற்றிவிட்டாளாமே, அதனால்தான் பாப்பா போய்விட்டதா, அதற்கு ஏதாவது பரிகாரம் இருந்தால் செய்யச் சொல்லுங்கள், செய்து முடித்த பிறகு அழைத்துக்கொள்வதைப் பற்றிப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், அன்றிருந்த கோபத்தில் எழுதியிருந்தால் நீ என் மகனே இல்லை என்று எழுதியிருப்பேன், அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டு இந்த வருஷத்துத் தீபம் போகட்டும் என்று காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். அதற்கு முன்னால் எனக்கு வந்த சந்தேகத்தைக் கேட்டுவிடுகிறேன், தாய் கேட்கக்கூடாததுதான், ஆனாலும் கேட்கிறேன். அங்கே உனக்கு வேறு ஏதாவது சகவாசம் ஏற்பட்டு, அதற்கு இந்த விளக்கைச் சாக்காக வைத்துக்கொள்கிறாயா? இல்லை என்று கோபமாக எழுதினால் நம்புவேன். சாந்தமாக எழுதினால் நம்ப மாட்டேன்.

போன வருஷம் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நானும் நைனாவும் தீபம் பார்க்க டவுனுக்குக் கோயிலுக்குப் போயிருந்தோம், அதனால் நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான், ஆனால் ஒருத்தர் வாயை நம்பி எழுதவில்லை. ஆதிலட்சுமிக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, கூட்டத்தில் வேண்டாம் என்று வீட்டில் விட்டோம். திருவிழாவுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த உன் ரேணுகாம்பாள் அத்தை, கால் வீங்கியிருக்கிறது என்று அவளுக்குத் துணையாக இருந்துகொண்டாள். வேறு ஊரில் கார்த்திகைக்குப் பொழுது சாய்ந்தால் விளக்கேற்றிவிடுவார்கள். இந்த மலையைச் சுற்றி இருக்கிற நமக்குத்தான் மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகு வீட்டில் விளக்கு, அதுவரை வாயில் ஒன்றும் போடக்கூடாது. வயிற்றுப்பிள்ளைக்காரி, நீ கஞ்சியாவது குடி என்று எவ்வளவோ சொன்னேன், மாட்டேன் என்று பட்டினி கிடந்தாள். அன்றைக்கு மலையை மேகம் மூடியிருந்தது. வாசலில் அகல்களை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டுவிட்டு உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, மேகத்துக்குள்ளே சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. நெய் சுமந்து மேலே போனவர்கள் யாரோ பந்தம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தீபம் தெரியுது வாங்க அத்தே என்று கூப்பிட்டிருக்கிறாள், ரேணுகாவும் வந்து தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டிருக்கிறாள், இவள் விளக்குகளை ஏற்றிவிட்டாள், இரண்டு பேரும் பொரி உருண்டையை எடுத்துச் சாப்பிட்டார்கள், முதலில் வாயில் போட்டவள் ரேணுகாதான். அதற்குப் பிறகுதான் வேட்டுச் சத்தமும் அரோகரா என்ற கூச்சலும் கேட்டு, உச்சியில் உண்மையான தீபம் எரிந்திருக்கிறது. இவ்வளவுதான் குற்றம். பசி மயக்கத்தில் பக்தியாக நின்றவள் செய்தது.

உன் மகள் உண்ணாமலை தை மாதத்தில் பிறந்தாள். பங்குனியில் நீ லீவில் வந்திருந்தபோது உன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் தூங்கினாளே, நீகூட எழுந்திருக்க மனசில்லாமல் கை மரத்துப்போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாய். நீ போன பிறகு குப்புற விழுந்தாள், கையைக் காலை அடித்து நீந்தினாள், என் புடவைத் தலைப்பைக் கண்டால் வாயில் வைத்துக்கொள்வாள். ஆவணியில் காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இது கொசு கடிச்சி வர்ற மூளைக்காய்ச்சல்மா, யார் ஊட்டுக் கொழந்தைக்கும் வரும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள், அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள். ஒவ்வொரு தடவை வலிப்பு வந்து ஓயும்போதும் அந்தக் குழந்தை என் முகத்தைத்தான் பார்த்தது. கிழவி ஏதோ செய்யப் போகிறாள் என்று நம்பிப் பார்த்த மாதிரி இருந்தது. என்னால் ஒன்றும் முடியவில்லை. எனக்கு முடியாது, சரி. முடிந்தவர் ஒருவர் மலையாக நிற்கிறார் என்று சொல்லித்தானே என்னை வளர்த்தார்கள், உன்னையும் வளர்த்தேன். அவர் அந்தப் பார்வையைப் பார்த்தாரா இல்லையா சகாதேவா? பார்த்தும் சும்மா இருந்தார் என்றால் அவரைப் பற்றி நான் என்ன நினைப்பது? நீ ரயிலைப் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த இடத்தில்தான் உன் அத்தை ரேணுகா வாயைத் திறந்தாள். வெளக்கு முந்தின ஊட்ல கொலவெளக்கு நிக்காது என்றாள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்தப் பழமொழியை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை, அன்றைக்கு அவளே கட்டியது என்று எனக்குத் தெரியும், ஆனால் சாவு வீட்டில் சொன்ன சொல் சாணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆதி அதைக் கேட்டுவிட்டாள். நீ திரும்பிப் போகும் வரை அவள் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாததற்கு அதுதான் காரணம், துக்கத்தில் இருக்கிறாள் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அதிலிருந்து அவள் நெருப்பைத் தொடுவதில்லை. விளக்கு மட்டுமில்லை, அடுப்புகூடப் பற்ற வைப்பதில்லை, நான் தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்த பிறகு வந்து உலை வைப்பாள். நான் கழனிக்குப் போய்விட்டால் திரும்பி வரும் வரை அடுப்பு அப்படியே கிடக்கும், அவளும் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். உடம்பு ஈர்க்குச்சி ஆகிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா. தெருவில் வீடு வீடாகப் போய், போன தீபத்தன்று யார் எப்போது விளக்கேற்றினீர்கள் என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். நம் வாசலில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அப்பாதுரை வீட்டிலும் எதிர்வீட்டு வள்ளி வீட்டிலும் அப்போதே ஏற்றியிருக்கிறார்கள். அப்பாதுரை மகனுக்கு பஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வள்ளிக்கு ஆண் குழந்தை பிறந்து கொழுக்மொழுக்கென்று இருக்கிறது, நன்றாக இருக்கட்டும், நான் கண் வைக்கவில்லை. பொரி உருண்டையை முதலில் தின்ற ரேணுகாவுக்குக் கால் வீக்கம்கூட வடிந்துவிட்டது. ஒரே குற்றத்துக்கு ஒரு வீட்டுக்கு வேலை, ஒரு வீட்டுக்குப் பிள்ளை, நம் வீட்டுக்குச் சாவு என்றால் இது என்ன கணக்கு? சின்னசாமியைத் தெரியுமல்லவா, தாலியறுத்த தம்பி பெண்சாதியின் கழனியை வளைத்து வேலி போட்டவன், வருஷா வருஷம் தீபத்துக்கு டின் டின்னாக நெய் அனுப்புகிறான். அவன் நெய்யும் மலை உச்சியில் அந்தத் தீபக் கொப்பரையில்தான் எரிகிறது. ஒரு வருஷமாவது அவன் நெய் பற்றாமல் போயிருக்கிறதா?

இதைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். ரிட்டயரான வாத்தியார் ராஜமாணிக்கம், போன ஜென்மத்துக் கர்மாம்மா, அனுபவிச்சித்தான் தீரணும் என்றார். நம் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட எதற்கு அபராதம் என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறார்கள், பேசவே தெரியாத குழந்தைக்கு எதற்கு என்று சொல்லாமல் தண்டனை போடுவது எந்த ஊர் நியாயம் வாத்தியாரே என்று கேட்டேன், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பூசாரி கண்ணாயிரம், சாமி உன்னை சோதிக்கறாரு என்றார். சோதனை எனக்கென்றால் வலிப்பு ஏன் அவளுக்கு? உன் நைனா பால் ஊற்றும் டீக்கடைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வடக்கத்திச் சாமியார் ஒருவரிடம், தாளாமல் நைனா இதைச் சொல்லி அழுதிருக்கிறார். துக்கம் என்பது தோற்றம், யாருக்கு வலி என்று உள்ளே விசாரித்துப் பார் என்று அவர் சொன்னாராம், இதை நைனா வீட்டுக்கு வந்து பெரிய பொக்கிஷம் மாதிரி சொன்னார். யாருக்கு வலி என்று விசாரிக்க வேண்டுமா? எனக்குத் தெரியாதா? உண்ணாமலைக்கு வலி. அதற்கு மேல் அதில் விசாரிக்க என்ன இருக்கிறது.

நான் சின்ன வயசில் மிஷன் பள்ளியில் படித்தேனே, அங்கே கிரேஸ் டீச்சர் என்று ஒருவர், தங்கமானவர், தலை வாரிவிட்டுக்கூடப் பாடம் சொல்வார். ஆண்டவர் எல்லாம் வல்லவர், ஆண்டவர் அன்பே உருவானவர் என்று எழுதிப்போட்டு எங்களைப் படிக்கச் சொன்னார். அந்த வருஷம்தான் என் தம்பி பேதியில் போயிருந்தான். ரெண்டும் எப்டி டீச்சர் சரியா வரும், ஒண்ணு தானே வரும் என்று கேட்டேன். முடியும் ஆனால் மனசில்லை என்றால் முதல் வரி சரி, மனசுண்டு ஆனால் முடியாது என்றால் இரண்டாம் வரி சரி, என் சின்ன புத்திக்கு அப்படித்தான் பட்டது. அவர் என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்தார், மத்தியானம் தனியாகக் கூப்பிட்டு, தானும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த சாமியானாலும் சரி, நம் சாமியானாலும் சரி, எனக்குக் கேள்வி ஒன்றுதான். அன்றைக்கு ஏறிய பெஞ்சிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உனக்கு இந்த விளக்குச் சங்கதியை எழுதியவள் ரேணுகாதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது. இந்தத் தீபத்துக்கு அவள் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, குழாயடியில் நாலு பேர் பார்க்கப் பிடித்துக்கொண்டேன். புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிச்சி வெக்கத்தான் பொறந்த ஊட்டுக்கு வர்றியா என்று கேட்டேன். நான் இன்னாத்த எழுதனேன் அண்ணி, எனக்குக் கையெழுத்துப் போடவே வராதே என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள். யாரையாவது வைத்து எழுதியிருப்பாய் என்றேன். அப்போது ஆதிலட்சுமி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவங்க இல்ல அத்தே, நான்தான் எழுதினேன் என்றாள். அவர் கொழந்தையும் தானே, எதனால போச்சின்னு அவருக்குத் தெரிய வேணாமா, மறைச்சி வெச்சிக்கிட்டு அந்த ஊட்ல போயி எப்டி நான் சோறாக்கிப் போடுவேன் என்றாள். கேட்டுக்கொண்டாயா சகாதேவா? யாரும் உன் காதில் போட்டுக் கொடுக்கவில்லை. உன்னிடம் எதையும் ஒளிக்கக்கூடாது என்று அவளே சொன்னதை வைத்துக்கொண்டுதான் நீ அவளுக்கு வாசலை அடைத்திருக்கிறாய். ரேணுகாவை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிட்டேன், மற்ற விஷயங்களில் இன்னும் விடவில்லை.

மனசில் வைத்திருந்ததைச் செய்துவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். மழை விட்டு வெயில் அடித்த தீபம், பாதை கொள்ளாமல் ஜனம் மலை சுற்றிக்கொண்டு போகிறது. சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தில், இருக்கிற அகல்களையெல்லாம் வாசலில் வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றி, ஒவ்வொன்றாக ஏற்றினேன். வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. ஏம்மா, இன்னும் தீபமே ஏத்தலியே என்று வெளியூர்க்காரி ஒருத்தி நின்று கேட்டாள். ரேணுகா ஐயோ ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டாள், கண்ணாயிரம் ஓடி வந்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன், போன வருசம் என் மருமவ தெரியாம ஏத்தினா, இந்த வருசம் நான் தெரிஞ்சே ஏத்தறேன், தெரியாம செஞ்சவளுக்கே புள்ளைய எடுத்துக்கிட்டாருன்னா தெரிஞ்சி செஞ்ச எனக்கு இன்னா பண்றாருன்னு பாக்கலாம், ஏதாவது வந்தா நீங்க சொன்னது நெசம், வரலன்னா அவளை வுட்டுடுங்க என்றேன். சொல்லிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து பொரி உருண்டையைக் கடித்துத் தின்றேன். கழனியிலிருந்து வந்த உன் நைனா கூட்டத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவ்வளவு வருஷமாக இந்தத் தீபத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத மனுஷன், கை காலைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கொண்ணு குடு என்று என் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார். வருவது எனக்கு மட்டும் வரக்கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

சாயங்காலம் மேகமே இல்லை. மலையில் தீபம் ஏறியது, ஊரே அரோகரா என்றது. நானும் கும்பிட்டேன், பழகிய கை தானாக எழும்புகிறது. ஆனால் கண்ணை மூடிக் கும்பிடவில்லை, திறந்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடியே கும்பிட்டேன். இனிமேல் அப்படித்தான்.

அதற்குப் பிறகு காத்திருந்தேன். இருமினால் இதுதானா என்று பார்த்தேன், கால் தடுக்கினால் இதுதானா என்று பார்த்தேன். எனக்கு வந்தால் பரவாயில்லை. செவலைப் பசு கன்று போட நின்றபோதுதான் உயிர் போய் உயிர் வந்தது. என் மேல் கோபம் என்றால் என்னைவிடச் சின்னதாகப் பார்த்து அடிப்பதுதானே அவர் வழக்கம் என்று ஊர் சொல்கிறது. கன்று மூக்குத் தெரிந்து, முன்னங்கால் தெரிந்து, வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்து தலையை ஆட்டியது. நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு ஆதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாத்தியா, ஒண்ணும் ஆகல, நைனாவுக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல, மாடும் கன்னும் நல்லா இருக்குது, வெளக்குக்கும் பாப்பாவுக்கும் சம்பந்தமே இல்லடி என்று கேஸில் ஜெயித்தவள் மாதிரி சொன்னேன். அவள் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போ எதுக்கு அத்தே பாப்பா போச்சி என்று கேட்டாள்.

ஊரில் எல்லோரையும் மடக்கிய எனக்கு இதற்குப் பதில் இல்லை. நான்தான் தப்புன்னா, இனிமே அந்தத் தப்பு பண்ணாம இருந்தா அடுத்த புள்ள நிக்கும்னு இருந்தேன் அத்தே, ஒண்ணுமே காரணம் இல்லன்னா நான் எதைப் பண்ணாம இருப்பேன் என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்தப் பெண் பழியை ஊர் போட்டதால் சுமக்கவில்லை, அதை இறக்கி வைத்தால் கையில் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை என்றுதான் சுமந்துகொண்டிருந்தாள். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். காரணம் எனக்குத் தெரியலடி கண்ணு, தெரிஞ்ச மாதிரி சொல்றவங்களை மட்டும் நம்பாதே என்றேன். கட்டிக்கொண்டு அழுதாள். பாப்பா போனதிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். மாட்டுக்கொட்டகையிலேயே இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். உன் நைனா வெளியே நின்றுகொண்டு, அவருக்கு முடிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டாரா சரசு, பாவம் அவரும் கல்லா உறைஞ்சி நிக்கறாரு என்றார். முடியாதவருக்கு எதுக்கு இவ்ளோ நெய்யி என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, உன் நைனா முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. அவருக்கு அந்தச் சாமி போதும். எனக்குப் போதவில்லை, ஆனால் அவர் சாமியை நான் ஏன் பறிக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நான் கழனியிலிருந்து வரும்போது கூரைமேல் புகை தெரிந்தது. நெருப்புப் பிடித்துவிட்டது என்று ஓடி வந்தேன், என் புத்தி அப்படி. பார்த்தால் ஆதிலட்சுமி அடுப்பைப் பற்ற வைத்து, சோறு வடித்து, கத்திரிக்காயும் தோல் உரித்த மல்லாட்டைக் கொட்டையும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். உப்பு ஜாஸ்தி. மூன்று பேரும் மீதி வைக்காமல் சாப்பிட்டோம். அன்றிலிருந்து தீப்பெட்டி அவளிடம்தான் இருக்கிறது.

ஆகவே பரிகாரம் ஒன்றும் இங்கே நடக்காது. தப்பே இல்லாத இடத்தில் பரிகாரம் செய்தால் தப்பு நடந்தது என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். நீ பொங்கலுக்கு லீவு போட்டுக்கொண்டு வந்து அவளை அழைத்துக்கொண்டு போ. அதற்கு முன்னால் உறையின் மேல் அவள் பெயரைப் போட்டு அவளுக்கென்று ஒரு கடிதம் எழுது, எனக்கு எழுதும் கடிதத்தில் கடைசி வரியில் ஆதியைக் கேட்டதாகச் சொல்லவும் என்று எழுதுகிற வேலை வேண்டாம். உனக்கும் நெஞ்சு வெந்துபோயிருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை, நீயும் பிடித்துக்கொள்ள ஏதாவது காரணம் தேடியிருக்கிறாய். அந்தக் காரணம் உன் பெண்டாட்டியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அண்ணாமலையாரோடு இருக்கிற வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் நீ தலையிட வேண்டாம்.

ரயிலில் யார் எது கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே. கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் போட்டுக்கொள். நீயும் அவளும் நல்லபடியாகக் குடித்தனம் பண்ணி, பிள்ளை குட்டி பெற்று, நிறைந்து இருக்க வேண்டும், இதை நான் யாரையும் சாட்சிக்கு வைக்காமல் என் வாயாலேயே சொல்கிறேன், பெற்றவள் வாக்கு. தலைப்பில் போடாமல் விட்டதை இங்கே போடுகிறேன். ஆதிலட்சுமிக்கு நீ துணை. உனக்கு அவள் துணை.

ஒன்றை மறந்துவிடாதே. அங்கே மலையும் கிடையாது, வேட்டுச் சத்தமும் கிடையாது. உன் வீட்டில் முதல் நாள் விளக்கேற்றும்போது அவள் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது ஏற்றலாமா என்று உன் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
சரசு